நகரத் தந்தை கோர்னர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, டான்யூபு ஆற்றின் கரையில் அமைந்த பழம்பெரு நகரம் வியன்னா. பல நூற்றாண்டுகளாகப் பேரரசர்கள் வீற்றிருந்து ஆண்ட தலைநகரம் அது. இசைக்கும் ஓவியத்திற்கும் மருத்துவக் கலைக்கும் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945ஆம் ஆண்டின் இளவேனிற் பருவத்தில், அந்நகரம் எய்திய துயரம் சொல்லுந் தரமன்று. மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் வானூர்திகள் வீசிய குண்டுகளால், உலகப் புகழ் வாய்ந்த அதன் இசை நாடக அரங்கம் தீப்பற்றி எரிந்தது. ஏப்பிரல் திங்களில் சோவியத்துப் படைகள் நகரத்தினுட் புகுந்தன. தெருத் தெருவாகப் போர் நிகழ்ந்தது. பின்வாங்கிய செருமானியப் படையினர் நகரின் ஊடே செல்லும் டான்யூபுக் கால்வாயின் பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். பேராற்றின்மீது நின்ற பாலங்களுள் ரைக்ஸ்பாலம் ஒன்றே எஞ்சியது.

அந்நாட்களில் நேர்ந்த இன்னொரு கேட்டையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். நகரின் நெஞ்சம் போன்று விளங்குவது புனித ஸ்தேவான் பேராலயம். அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் மூண்ட தீயின் பொறிகள் காற்றில் பறந்து வந்து ஆலயத்தின் கூரையிற் படிந்தன. பழைய மரச் சட்டங்களால் ஆகிய அக்கூரை முழுவதும் எரிந்து சரிந்தது. கோபுரத்தில் தொங்கிய 'பும்மரின்' என்னும் பெருமணி, தாங்கிய மரங்கள் எரிந்தமையால் கீழே வீழ்ந்து சிதறியது. 1683ஆம் ஆண்டில் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றோடிய துருக்கியர் விட்டுச் சென்ற பீரங்கிகளை உருக்கி, 1711ஆம் ஆண்டில் வார்த்த மணி அது. போர்க்கருவியினின்று பிறந்த அம்மணி, மற்றொரு போரினாலேயே மாய்ந்தது.

ஏப்பிரல் 13ஆம் நாள் போர் ஓய்ந்தது. நகரில் ஏறத்தாழ 87,000 குடியிருப்புகள் வாழத் தகுதியற்றவையாய்க் கிடந்தன. 3,000க்கு மேற்பட்ட குண்டுக் குழிகள் தெருக்களிலும் தோட்டங்களிலும் வாய்பிளந்து நின்றன. குடிநீர்க் குழாய்களும், கழிவுநீர்க் கால்வாய்களும், எரிவாயுக் குழாய்களும் பலவிடங்களில் உடைந்திருந்தன. கடைகளில் உணவுப் பொருள் இல்லை; உள்ளதைக் கொண்டு வரவும் வண்டியில்லை, எரிபொருளும் இல்லை. பழைய ஆட்சியாளர் ஓடி ஒளிந்தனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தில் ஆணையிடுவாரும் இல்லை. ஆணைக்கு அடங்குவாரும் இல்லை. ருடால்பு பிரிக்ரில் என்பவர் தாமே நகர ஆட்சியை நடத்துவதாகச் சொல்லிச் சின்னாள் அமர்ந்திருந்தார். பிற்காலத்தார் அவரை 'மூன்று நாள் மேயர்' என்று நகையாடிக் கூறுவர். அந்நாளைய குழப்பம் எத்துணைப் பெரிது என்பதற்கு இதுவே சான்றாகும்.

இந்நிலையில், ஏப்பிரல் 17ஆம் நாள் வியன்னாவின் மேயராக ஒரு முதியவர் அமர்த்தப்பெற்றார். அவருக்கு எழுபத்திரண்டாம் பிறந்தநாள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வெண்தாடியும் நிமிர்ந்த நடையும் உடைய அவர், ஒரு காலத்தில் பேரரசரின் படையில் உயர் பதவி வகித்தவர். அவரே தியோடோர் கோர்னர்.

கோர்னர் 1873ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், டான்யூபுக் கரையிலுள்ள கோமாரோம் என்னும் ஊரை அடுத்த ஊய்சோனியில் பிறந்தார். அவ்வூர் ஹங்கேரி நாட்டது. அந்நாளில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே பேரரசரின் கொடிக்கீழ் இருந்தன. தந்தையார் பீரங்கிப் படை அலுவலர். ஆகவே மகனும் படைத்தொழிலையே மேற்கொண்டதில் வியப்பில்லை. வியன்னாவிலிருந்த படைத்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று, 1894ஆம் ஆண்டில் அலுவலர் ஆயினார். பின்னர் உயர்நிலைப் போர்க் கல்வியையும் முடித்துத் தலைமைப் படைப்பணியிற் சேர்ந்தார். அவர் பிறந்த 1873ஆம் ஆண்டிலேதான், ஆல்ப்சு மலையடிவாரத்து ஊற்றுநீரை வியன்னாவுக்குக் கொணரும் முதல் மலைநீர்க் கால்வாய் திறக்கப்பட்டது. அக்குழந்தை எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் அக்கால்வாயின் நீர் மக்களுக்குத் தடையின்றிக் கிடைப்பதற்குப் பொறுப்பேற்கும் என எவர்தாம் எண்ணியிருப்பர்!

முதலாம் உலகப் போர் 1914ஆம் ஆண்டில் மூண்டது. மறு ஆண்டில் இத்தாலியும் போரிற் புகுந்தது. இசோன்சோ என்னும் மலையாற்றின் கரைகளில் 1915ஆம் ஆண்டு முதல் 1917ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு போர்கள் நடந்தன. இருபுறத்தும் இலட்சக்கணக்கான வீரர் மடிந்தனர். மண் இல்லாத கற்பாறை நிலம் ஆதலின், குண்டு வீழ்ந்தால் பாறைச் சில்லுகளும் குண்டின் சில்லுகளோடு சேர்ந்து பறந்து உயிரைக் குடிக்கும். அக்களத்தில் நின்ற ஆஸ்திரியப் படையின் தலைமைப் பணியாளராகக் கோர்னர் விளங்கினார்.

தலைமைப் பணியாளர் என்பார் யார்? படைத்தலைவரின் அருகிருந்து அவருடைய ஆணைகளைச் செயலாக்குபவர் அவர். எத்தனை வீரர் எவ்விடத்தில் உள்ளனர், அவர்க்கு இன்று எத்தனை ரொட்டி வேண்டும், வெடிமருந்து எந்த வழியிற் செல்லும், பாலம் உடைந்தால் மாற்றுவழி யாது, காயமுற்றோரை எவ்வாறு கீழே கொணர்வது என்பனவற்றை இரவு பகலாகக் கணக்கிட்டுக் கொண்டிருப்பதே அவர்தம் வேலை. வெற்றி வரின் புகழ் படைத்தலைவர்க்கு. ரொட்டி வாராவிடின் பழி இவர்க்கு. வாள் சுழற்றும் வீரத்தையே பெரிதாகப் பேசும் நமக்கு இப்பணி சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் கோர்னரின் பிற்கால வாழ்வை அறிய விரும்புவார், இக்கணக்குத் தொழிலையே முதலில் நினைவிற் கொள்ள வேண்டும்.

1918ஆம் ஆண்டில் போர் முடிந்தது. பேரரசும் உடைந்தது. பல மொழியினர் வாழ்ந்த பெருநிலப்பரப்பு பல நாடுகளாகப் பிரிந்தது. ஆஸ்திரியா சிறு குடியரசாயிற்று. மறு ஆண்டில் உயர்குடிப் பட்டங்களை எல்லாம் அக்குடியரசு சட்டத்தால் நீக்கியது. 'சீக்ரிங்கன் பெருமகனார் கோர்னர்' என்றிருந்தவர் வெறுங் கோர்னர் ஆயினார். பட்டம் இழந்த உயர்குடியினருட் பலர் பழைய பேரரசை எண்ணியெண்ணி ஏங்கினர். கோர்னரோ குடியரசின் புதிய படையை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1924ஆம் ஆண்டில் தளபதிப் பட்டத்துடன் ஓய்வு பெற்றார். உடனே, உழைப்பாளர் கட்சியாகிய சமூக சனநாயகக் கட்சியிற் சேர்ந்தார். பேரரசரின் படையலுவலர் ஒருவர் தொழிலாளரின் செங்கொடியின் கீழ் நின்றது அந்நாளில் அரிய நிகழ்ச்சியாகும். அவ்வாண்டு முதல் நாடாளுமன்றத்தின் மேலவையாகிய கூட்டாட்சி மன்றத்தின் உறுப்பினராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார்.

அக்காலத்து வியன்னாவை அக்கட்சியே ஆண்டது. ஏழை மக்களுக்குக் காற்றும் ஒளியும் உடைய வீடுகளைக் கட்டித் தருவதை நகராட்சி தன் கடமையாக மேற்கொண்டது. 1923ஆம் ஆண்டிலிருந்து பத்தாண்டுகட்குள் அறுபதாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுட் பெரிதும் புகழ் வாய்ந்தது காரல் மார்க்சு குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அக்கட்டடத்தில் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. துணி வெளுக்கும் கூடமும், நூல்நிலையமும், குழந்தைகள் பள்ளியும் அதனுள்ளேயே அமைந்தன.

ஆனால் நாட்டின் ஆட்சி எதிர்க்கட்சியினர் கையில் இருந்தது. இருசாராரும் தத்தமக்கெனத் தனிப்படைகளை வைத்துக்கொண்டனர். தொழிலாளரின் பாதுகாப்புப் படைக்குக் கோர்னர் அறிவுரையாளராக இருந்தார். அப்படையின் தலைவர்கள், தொழிலாளர்க்குச் சீருடை அணிவித்து, அணிவகுத்து நடக்கக் கற்பித்து, உண்மைப் படையைப் போலவே ஆக்க முயன்றனர். கோர்னர் இதனை உடன்படவில்லை. பீரங்கி உடைய அரசுப் படையோடு, பீரங்கி இல்லாத தொழிலாளர் நேருக்கு நேர் நின்று போரிட்டால் அழிவே நேரும் என்றார். மக்களின் ஆதரவும் ஒற்றுமையுமே தொழிலாளரின் வலிமை, அணிவகுப்பு அன்று என்று எடுத்துரைத்தார். தலைவர்கள் செவிசாய்க்கவில்லை. சீருடையின் கவர்ச்சி அத்தகையது. போரையே காணாத இளைஞர் போரை விரும்பினர். பன்னிரண்டு போர்கள் நடந்த களத்தை அறிந்த முதியவர் வேண்டாம் என்றார். கருத்து வேறுபாடு முற்றவே, அவர் அப்பணியினின்றும் விலகினார்.

அவர் அஞ்சியதே நடந்தது. 1934ஆம் ஆண்டு பிப்பிரவரி 12ஆம் நாள் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசுப் படையினர் தொழிலாளர் குடியிருப்புகளின்மீது பீரங்கியாற் சுட்டனர். குழந்தைகள் பள்ளியையும் நூல்நிலையத்தையும் உள்ளடக்கிய காரல் மார்க்சு குடியிருப்பும் அதற்குத் தப்பவில்லை. சில நாட்களில் எல்லாம் அடங்கிவிட்டது. கட்சி தடைசெய்யப்பட்டது. போர் வேண்டாம் என்று சொன்ன கோர்னரும் சிறையில் அடைக்கப்பட்டார்! பல திங்கள் அங்கே கிடந்தார். என் சொற்படி நடந்திருந்தால் இவ்வாறு ஆகியிருக்குமா என்று தோழர்களைக் குறைகூறி அவர் பிரிந்து போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தோற்ற கட்சியை விட்டு நீங்காமல் அதன் துன்பத்திற் பங்கு கொண்டார்.

1938ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் செருமனியோடு இணைத்துக்கொண்டார். கோர்னர் பொதுவாழ்வினின்றும் ஒதுங்கி நூல்களோடு பொழுது போக்கினார். உருசிய மொழியையும் கற்றார். அறுபது ஆண்டைக் கடந்தபின் புதுமொழி ஒன்றைக் கற்பதனால் வரும் பயன் யாது என்று அன்று கேட்டிருந்தால், அவராலும் விடை கூறியிருக்க முடியாது. 1944ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஹிட்லரைக் கொல்ல முயன்ற சதி முறிந்தபின், நாடெங்கும் பழைய கட்சித் தலைவர்களைப் பிடித்தபோது, இவரும் பிடிபட்டுச் சிறிது காலத்தில் விடுதலை பெற்றார்.

இனி, 1945ஆம் ஆண்டிற்கு மீள்வோம். மேயராகிய கோர்னருக்குத் துணை மேயர்கள் இருவர். ஒருவர் மக்கள் கட்சியைச் சேர்ந்த லியோபோல்டு குன்ஷாக்கு. மற்றவர் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த காரல் ஸ்டைன்ஹார்ட்டு. 1934ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூளுவதற்கு மூன்று நாள் முன்னர், நகர மன்றத்தில் எழுந்து நின்று இருசாராரும் அமைதி பேணவேண்டும் என்று மன்றாடியவர் இந்தக் குன்ஷாக்கு. அவர் அன்று எதிர்க்கட்சியினர். அன்று எதிரெதிர் முகாம்களில் இருந்துகொண்டு போரைத் தடுக்க முயன்று தோற்ற முதியவர் இருவர், இடிந்த நகரை எடுத்து நிறுத்துவதற்கு ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர்.

முதல் வேலை சோறு. வெறுங்கையோடு நின்ற நகராட்சியால் செய்யக்கூடியது சிறிதே. மே முதல் நாள் சோவியத்துப் படையினர் நகர மக்களுக்கு உணவுப் பொருள்களை நன்கொடையாக அளித்தனர். அவற்றுள் உலர்ந்த பட்டாணி மிகுதி. அப்பட்டாணியில் புழுக்கள் இருந்தன. நீரிலிட்டால் புழுக்கள் மேலே மிதக்கும். அவற்றை எடுத்தெறிந்துவிட்டு மக்கள் உண்டனர். வியன்னாவில் அத்தலைமுறையினர் அப்பட்டாணியை நெடுநாள் மறக்கவில்லை. பூங்காக்களின் புல்தரைகளைக் கொத்திக் காய்கறி பயிரிட்டனர். குளிர்காலம் வந்தது. நிலக்கரி இல்லை. நகரை அடுத்த வியன்னாக் காட்டில் மக்கள் தாமே விறகு வெட்டி, கைவண்டியிலும் முதுகிலும் சுமந்து வந்தனர். கண்ணாடி உடைந்த சாளரங்களை அட்டையால் மறைத்துக்கொண்டு இருளில் இருந்தனர்.

படையிற் பயின்ற பழங்கணக்கு இப்போது பயன்பட்டது. எத்தனை மூட்டை மாவு எந்த இருப்புப்பாதை வழியாக வரும். எத்தனை வண்டிகள் ஓடும் நிலையில் உள்ளன. எந்தக் குழாயை முதலிற் செப்பஞ்செய்தால் மிகுதியான வீடுகளுக்கு நீர் கிடைக்கும் என்பனவே நாள்தோறும் நகர மாளிகையில் எழுந்த வினாக்கள். இசோன்சோ மலையில் வீரர்க்குச் செய்த அதே வேலை இங்குக் குழந்தைகட்கும் கிழவிகட்கும் செய்ய வேண்டியிருந்தது. அங்கு ஊட்டி வளர்த்தவரைச் சாவுக்கு அனுப்ப வேண்டும்; இங்கு அவ்வாறில்லை.

தெருக்களில் மலைபோற் குவிந்த இடிபாடுகளை அகற்றுவது அடுத்த வேலை. அதற்கு வேண்டிய பொறிகளும் வண்டிகளும் மிகக் குறைவு. மக்களே மண்வெட்டியும் கூடையும் எடுத்து வரவேண்டும் என்று நகராட்சி அழைத்தது. ஆடவரும் பெண்டிரும் வரிசையாக நின்று கற்களைக் கைமாற்றினர்; உடையாத செங்கற்களைத் தனியே பிரித்து, ஒட்டிய சுண்ணத்தைச் சுரண்டி, மீண்டும் பயன்படுமாறு அடுக்கினர்.

கோர்னர் கடுங்குளிரிலும் மேலங்கியும் தொப்பியும் அணியாது நடந்து செல்லும் வழக்கம் உடையவர். பனி பெய்யும் தெருவில் வெண்தாடியும் வெறுந்தலையுமாக அவர் நடந்துவரும் காட்சி நகர மக்களுக்குப் பழகிப் போயிற்று. நலமான காலத்தில் இது ஒரு முதியவரின் விந்தைப் போக்காக மட்டுமே தோன்றியிருக்கும். விறகின்றி நடுங்கிய மக்கள் நடுவே இக்காட்சி எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பதை மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம். அவர் மணம் புரியவில்லை. எளிய வாழ்க்கையே வாழ்ந்தார்.

உணவைவிடவும் இடிபாட்டைவிடவும் சிக்கலானது மற்றொன்று உண்டு. 1945ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வியன்னா நான்காகப் பிரிக்கப்பட்டது. சோவியத்து நாடு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு என்னும் நான்கு வல்லரசுகளும் ஆளுக்குச் சில வட்டங்களைக் கையிற் கொண்டன. நடுநகரமாகிய முதல் வட்டத்தை மட்டும் திங்கள் ஒருவராக முறைமாற்றி மேற்பார்வை செய்தன. நான்கு நாட்டு வீரரும் ஒரே சீப்பு வண்டியில் அமர்ந்து காவல் சுற்றி வருவர். நகரத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி முழுவதும் சோவியத்துப் படையினரின் பொறுப்பில் இருந்தது. ஆகவே ஒரு வண்டி உருளைக்கிழங்கு நகரினுள் வரவேண்டுமானாலும் அவர்களுடைய பகுதியைக் கடந்தே வரல் வேண்டும். நான்கு எசமானர்க்கு நடுவே நின்ற நகரத் தந்தை, ஒருவர்க்கு இனியவராயின் மற்றவர்க்குப் பகைவராவார். கோர்னர் எவர்க்கும் அடிபணியாமலும் எவரையும் பகைக்காமலும் பேசக் கற்றிருந்தார். சிறைக்கு வெளியே இருந்த ஆண்டுகளிற் பயின்ற உருசிய மொழி இப்போது கைகொடுத்தது.

எனினும் அவருடைய அதிகாரத்தின் எல்லை எத்துணைக் குறுகியது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். ஹிட்லர் ஆட்சியில் சுற்றுப்புற ஊர்கள் பலவற்றைச் சேர்த்து வியன்னாவை 26 வட்டங்களாகப் பெருக்கியிருந்தனர். அவ்வூர்களுட் பெரும்பாலானவற்றை மீண்டும் அண்டை மாநிலத்திற்கே விட்டுவிடுவது என 1946ஆம் ஆண்டில் சட்டம் இயற்றினர். மாநிலமும் நகரமும் உடன்பட்ட காரியம். ஆயினும் வல்லரசுகளின் ஒப்புதல் கிடைக்காமையால் அச்சட்டம் எட்டாண்டுகள் உறங்கிக் கிடந்து, 1954ஆம் ஆண்டிலேதான் செயலுக்கு வந்தது. அப்போது கோர்னர் மேயர் பதவியில் இல்லை.

1945ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் தேர்தல் நடந்தது. பதின்மூன்று ஆண்டுகட்குப் பின்னர் வியன்னா மக்கள் விரும்பியவர்க்கு வாக்களித்தனர். நகர மன்றத்தின் நூறு இடங்களில் கோர்னருடைய சோஷலிஸ்டுக் கட்சி 58 இடங்களைப் பெற்றது. மக்கள் கட்சி 36. கம்யூனிஸ்டுக் கட்சி 6. படையினரால் அமர்த்தப்பெற்ற மேயர் அதன்பின் மக்களின் மேயர் ஆயினார்.

போர்க்காலத்தில் நின்றுபோன வீட்டுப்பணி மீண்டும் தொடங்கிற்று. 1947ஆம் ஆண்டில் நகரின் தென்பகுதியில் ஒரு புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினர். சுவீடன் நாட்டு மக்கள் இதற்கு உதவினர். அவர்கள் அளித்தது பணமும் பரிவும் மட்டுமன்று. இடிந்த கட்டடத்தின் கற்குப்பையை அரைத்துப் புதுக்கட்டடத்திற்கு வேண்டிய கற்களாக வார்க்கும் பொறிகளையும் அளித்தனர். இடிபாடே வீடாயிற்று! ஏறத்தாழ ஆயிரம் வீடுகளைக் கொண்ட அக்குடியிருப்புக்கு, 1946ஆம் ஆண்டில் மறைந்த சுவீடன் தலைமை அமைச்சர் பேர் அல்பின் ஹான்சன் என்பாரின் பெயரைச் சூட்டினர்.

கோர்னருடைய மேயர் பணியில் குறைகூறத்தக்கது ஒன்றும் உண்டு. அதனை மறைத்துப் புகழ்வது வரலாறு ஆகாது. 1947ஆம் ஆண்டில் அவர் செய்தித்தாள் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். வியன்னாவில் யூத வெறுப்பு உள்ளது என்று அயல்நாட்டார் கூறுவது வெறுங்கட்டுக்கதை என்பது அதன் கருத்து. உண்மை வேறு. ஹிட்லர் வருவதற்கு முன் வியன்னாவில் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட யூதர் வாழ்ந்தனர். 1938ஆம் ஆண்டில் நகர மக்களுட் பலரே அவர்களைத் தெருவில் இழிவுபடுத்தினர்; அவர்தம் வீடுகளையும் கடைகளையும் பறித்துக்கொண்டனர். ஆஸ்திரிய யூதருள் 65,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எஞ்சித் திரும்பியவர் சிலர். அவர்க்கும் தம் வீடு எளிதில் மீளவில்லை. நகரின் பெயர் உலகோர் முன் கெடலாகாது என்னும் எண்ணத்தால் கோர்னர் அவ்வாறு எழுதியிருக்கலாம். ஆயினும், தெருவில் கிடந்த கல்லையும் மண்ணையும் அகற்றுமாறு மக்களை அழைத்தவர், அவர்தம் நெஞ்சிற் கிடந்த இடிபாட்டை இல்லையென்றது பெரும்பிழையே. வீடிழந்த யூதரும் அந்நகரத்தின் மக்களே அல்லரோ? இவ்வுண்மையை ஆஸ்திரிய நாடு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் சென்றன.

குடியரசுத் தலைவராயிருந்த கார்ல் ரென்னர் 1950ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மறைந்தார். அதுவரை மக்கள் நேராக வாக்களித்துக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. 1951ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக அம்முறையில் தேர்தல் நடந்தது. சோஷலிஸ்டுக் கட்சி கோர்னரை நிறுத்தியது. மக்கள் கட்சி மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் ஆட்சித் தலைவர் ஹைன்ரிக் கிளைஸ்னரை நிறுத்தியது. மே 6ஆம் நாள் நடந்த முதற்சுற்றில் கிளைஸ்னரே சிறிது முந்தினார். எவர்க்கும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிட்டாமையின், மே 27ஆம் நாள் இரண்டாம் சுற்று நடந்தது. அதில் கோர்னர் நூற்றுக்கு 52 வாக்குகள் பெற்று வென்றார். அப்போது அவருக்கு அகவை எழுபத்தெட்டு. நகர மாளிகையில் அவருடைய இடத்திற்கு பிரான்சு யோனாசு என்பார் வந்தார். இவரும் பிற்காலத்தில், 1965ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆனார்.

தேர்தலில் தோற்ற கிளைஸ்னரின் மாநிலம் வியன்னாவுக்கு ஒரு பரிசு அளித்தது. சிதறிய பும்மரின் மணியின் துண்டுகளைத் திரட்டி, அம்மாநிலத்திலுள்ள புனித புளோரியான் என்னும் ஊரில் 1951ஆம் ஆண்டில் புதிய மணி வார்த்தனர். இருபதாயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள அம்மணி, 1952ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் வியன்னா வந்து சேர்ந்தது. வழிநெடுக மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர்.

குடியரசுத் தலைவர் பதவி பெரும்பாலும் விழாக்களுக்கு உரியது. ஆயினும் ஒருமுறை கோர்னர் அதனை அழுத்தமாகப் பயன்படுத்தினார். 1953ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர், பழைய ஹிட்லர் கட்சியினர் பலரைத் தன்னகத்தே கொண்ட கட்சியொன்றை ஆட்சியிற் சேர்த்துக்கொள்ள மக்கள் கட்சியினர் விரும்பினர். கோர்னர் அதற்கு இசையவில்லை. பெரிய கட்சிகள் இரண்டுமே மீண்டும் கூடி அமைச்சரவை அமைத்தன. அவ்வாண்டிலேயே அவருக்கு எண்பது ஆண்டு நிறைந்தது. அதன் நினைவாக, இளம் அறிஞர்க்கும் கலைஞர்க்கும் உதவும் நிதியொன்று அவர் பெயரால் நிறுவப்பட்டது.

1955ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், வியன்னாவின் பெல்வெடேர் அரண்மனையில் நான்கு வல்லரசுகளின் அயல்நாட்டு அமைச்சர்களும், ஆஸ்திரியாவின் அயல்நாட்டு அமைச்சர் லியோபோல்டு ஃபிகிலும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஆஸ்திரியா விடுதலை பெற்றது. அக்டோபர் 25ஆம் நாளுக்குள் அயல்நாட்டுப் படையினர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேறல் வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் நாடாளுமன்றம், எப்போரிலும் எப்பக்கத்தும் சேராத நடுநிலை நாடாக ஆஸ்திரியா என்றும் விளங்கும் எனச் சட்டம் இயற்றியது. நவம்பர்த் திங்களில், எரிந்துபோன இசை நாடக அரங்கம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. சோவியத்துப் படையின் பெயரைத் தாங்கியிருந்த ரைக்ஸ்பாலம் 1956ஆம் ஆண்டில் தன் பழம்பெயரை மீளப் பெற்றது.

கோர்னர் 1957ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே வியன்னாவில் காலமானார். அவருக்கு அப்போது அகவை எண்பத்து மூன்று. அந்நகரத்தின் மைய இடுகாட்டில், குடியரசுத் தலைவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில் அவரை அடக்கம் செய்தனர். நான்கு நாட்டு வீரரும் ஏறிவந்த காவல் வண்டிகள் அத்தெருக்களை விட்டு நீங்கி அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.